அணுவின் கருவைக் கண்டறிந்த ரதர்போர்டு

நெகிரி செம்பிலானில் தோட்டத்து மக்களை நம்பிக் கடை வைத்திருக்கும் நமக்கு அணு ஆராய்ச்சியோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால், அணுவின் நடுவே ஒரு கரு இருக்கிறது என்று உலகுக்கு முதன்முதலில் எடுத்துக் காட்டிய எர்னஸ்ட் ரதர்போர்டு என்பவரின் வாழ்க்கையைப் படித்துப் பார்த்தால், அவர் ஏறிய படிகள் பலவற்றின் அடியில் வியாபாரத்தில் சேர்ந்த பணம் இருப்பதைக் காண்கிறோம். அந்தக் கணக்கை நம் இதழில் எழுதி வைப்பது தகும் என்று கருதியே இதை எழுதத் துணிந்தோம். பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுத வேண்டிய விஷயம் இது. நாமோ கடைக்காரர்கள். ஆகையால் நமக்குப் பழக்கமான தராசு, மூட்டை, பேரேடு இவற்றைக் கொண்டே விளக்க முயல்வோம்.

வண்டித் தச்சரின் மகன்

ரதர்போர்டு 1871-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ம் தேதி நியூஸிலாந்து நாட்டில், நெல்சன் என்னும் ஊருக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் ஜேம்ஸ் சிறு பிள்ளையாக ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர். வண்டிச் சக்கரம் செய்யும் தச்சு வேலை பார்த்தார்; பிற்பாடு நார் உரிக்கும் ஆலையும் நடத்தினார். தாயார் மார்த்தா பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் ரதர்போர்டு நான்காமவர். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த குடும்பம், உண்ணும் வாய்கள் அதிகம், வருமானமோ சொற்பம். நம் பாட்டன் பூட்டன்மார் இந்நாட்டுக்கு வந்து இறங்கிய கதையும் ஏறக்குறைய இதுதான். 1886-ம் ஆண்டு இவருடைய சகோதரர்கள் இருவர் கடலில் மூழ்கி இறந்து போயினர். அந்தத் துக்கத்தினூடேயும் பிள்ளைகளின் படிப்பை அந்தத் தாய் நிறுத்தவில்லை.

நெல்சன் கல்லூரியில் படிக்க உபகாரச் சம்பளம் வேண்டும். முதல் தடவை எழுதிய பரீட்சையில் அது கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை 600-க்கு 580 மார்க்குகள் வாங்கி 1887-ல் அங்கே சேர்ந்தார். அதன் பிறகு 1890-ல் கிறைஸ்ட்சர்ச் நகரத்துக் கான்டர்பரி கல்லூரியில் மறுபடியும் உபகாரச் சம்பளத்தின் பேரிலேயே சேர்ந்து, கணிதத்திலும் பௌதிகத்திலும் முதல் வகுப்பில் தேறினார். இத்தனை தேர்ச்சி இருந்தும் பள்ளி ஆசிரியர் உத்தியோகம் கேட்டபோது நிரந்தரமாக ஓர் இடமும் அவருக்குக் கிடைக்கவில்லை.

பொருட்காட்சியின் லாபம்

இங்கேதான் வியாபாரத்தின் கை முதன்முதலாக வந்து அவரைத் தூக்கிவிடுகிறது. 1851-ல் லண்டன் மாநகரில் பல தேசத்துச் சரக்குகளையும் இயந்திரங்களையும் ஒரே கண்ணாடி மாளிகையில் கூட்டி வைத்து ஒரு மாபெரும் பொருட்காட்சி நடத்தினார்கள். செலவெல்லாம் போக ஏறத்தாழ 1,86,000 பவுன் லாபம் மிஞ்சியது. அந்த லாபத்தை நடத்தியவர்கள் பங்கு போட்டுக்கொள்ளாமல் கல்விக்கென்று முதலாக வைத்தார்கள். அந்த முதலிலிருந்து, 1891 முதல், தூர தேசத்து மாணவர்களுக்கு ஆராய்ச்சி செய்ய உபகாரச் சம்பளம் வழங்கப்பட்டது. நியூஸிலாந்தில் முதலில் வேறொருவருக்கே அது தரப்பட்டது. அவர் வேண்டாம் என்று விட்டுவிட, அடுத்த இடத்தில் இருந்த ரதர்போர்டுக்கு அது வந்து சேர்ந்தது. தந்தி வந்தபோது அவர் தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார் என்றும், மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு எழுந்தார் என்றும் ஒரு செய்தி உண்டு.

1895-ல் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் கவெண்டிஷ் ஆராய்ச்சிசாலையில் பேராசிரியர் ஜே. ஜே. தாம்சன் அவர்களிடம் சேர்ந்தார். அது விஞ்ஞான உலகம் கொந்தளித்துக்கொண்டிருந்த காலம். அந்த ஆண்டிலேயே ஜெர்மனியில் ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டார். மறு ஆண்டு பிரான்சில் பெக்கரல் என்பவர், யுரேனியம் தானாகவே ஒருவிதக் கதிரை வீசுவதைக் கண்டார். 1897-ல் தாம்சன், அணுவைவிடச் சிறியதான எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். அதுவரை அணு என்பது மேலும் பிளக்க முடியாத கடைசிச் சில்லறை என்றே கருதப்பட்டு வந்தது. சில்லறைக்குள்ளும் சில்லறை இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ரதர்போர்டு யுரேனியத்தின் கதிர்களை ஆராய்ந்து அவை இரண்டு வகை என்று பிரித்துக் காட்டினார். எளிதில் தடுக்கப்படும் கதிருக்கு ஆல்பா என்றும், ஊடுருவிச் செல்லும் கதிருக்கு பீட்டா என்றும் பெயர் வைத்தார்.

புகையிலை வியாபாரியின் ஆராய்ச்சிசாலை

1898-ல், 27-ம் வயதில், கனடா நாட்டு மான்ட்ரீல் நகரத்தின் மக்கில் சர்வகலாசாலையில் பேராசிரியர் ஆனார். அங்கே அவருக்கு வாய்த்த ஆராய்ச்சிசாலை அந்தக் காலத்தில் உலகத்திலேயே சிறந்தவற்றில் ஒன்று. அதைக் கட்டிக் கொடுத்தவர் வில்லியம் மக்டொனால்டு என்னும் புகையிலை வியாபாரி. விற்பது புகையிலையாயினும் புகைப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. ரதர்போர்டோ ஓயாமல் சுங்கான் பிடிப்பவர்!

அந்த ஆராய்ச்சிசாலையில் அவர் முக்கியமாக ஆராய்ந்த பொருள் தோரியம் என்னும் உலோகம். இதன் பெயர் நமக்குப் புதிதாக இருக்கலாம், பொருள் புதிதல்ல. லயங்களுக்கு மின்சாரம் வருமுன், கலியாண வீடுகளிலும் கடை அஞ்சடியிலும் பெட்ரோமாக்ஸ் விளக்கு எரிந்ததை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த விளக்கில் கட்டும் வெள்ளை மேன்டிலின் சரக்கு பெரும்பாலும் தோரியமே. பிற்காலத்து மேன்டில்கள் பலவற்றில் அதை நிறுத்திவிட்டார்கள். தோரியம் கிடைப்பது மோனசைட் என்னும் மணலில். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்து அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரை அதற்குப் பேர் போனது. இந்நாட்டு ஈய லம்பங்களில் ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சும் அமாங் என்னும் மணலிலும் மோனசைட் உண்டு.

ரதர்போர்டும், ஸாடி என்ற இளம் இரசாயன நிபுணரும் சேர்ந்து தோரியத்தை ஆராய்ந்து, 1902-லும் 1903-லும் உலகமே திகைக்கும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். கதிர் வீசும் அணு அப்படியே இருப்பதில்லை; கதிரை வீசி வீசி வேறொரு மூலப் பொருளாக மாறிப்போகிறது என்பதே அந்த முடிவு. இன்ன பொருள் இத்தனை காலத்தில் பாதியாகும் என்ற கணக்கையும் காட்டினார்கள். இந்தக் கணக்கைக் கொண்டே பாறைகளின் வயதையும் பூமியின் வயதையும் பிற்பாடு அறிய முடிந்தது. இதற்காக 1908-ல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு ரதர்போர்டுக்கு அளிக்கப்பட்டது.

பருத்தி நகரத்தில்

1907-ல் அவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்கு வந்தார். அக்காலத்தில் துணி வியாபாரம் செய்தவர்களுக்கு மான்செஸ்டர் என்ற பெயரைச் சொன்னாலே போதும். பருத்தித் துணிக்கு உலகச் சந்தை அது. அந்நகரத்துச் சர்வகலாசாலையின் வேர், ஜான் ஓவன்ஸ் என்னும் துணி வியாபாரி. அவர் 1846-ல் இறந்தபோது ஏறத்தாழ 1 லட்சம் பவுனைக் கல்லூரி ஒன்று அமைக்க எழுதி வைத்தார். படிக்க வருகிறவனையும் படிப்பிக்க வருகிறவரையும் அவர்கள் என்ன மதம் என்று சோதிக்கக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. அங்கே பௌதிகப் பேராசிரியராக இருந்த ஆர்தர் ஷுஸ்டரும் வசதியான வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. தம்மைவிடத் தகுதியானவர் ரதர்போர்டு என்று கண்டு, அவரே தம் இடத்துக்கு வரவேண்டும் என்று சொல்லிப் பதவியை விட்டுக் கொடுத்தார். கடையில் கல்லாப்பெட்டி முன்னால் உட்கார்ந்திருப்பவர் தாமாக எழுந்து இன்னொருவருக்கு இடம் விடுவது எவ்வளவு அருமை என்பது நமக்குத் தெரியும்.

தங்க ரேக்கும் ஆல்பா துகளும்

இனி அணுவின் கருவைக் கண்ட வரலாற்றுக்கு வருவோம். அணு எப்படி இருக்கும் என்பதற்கு அந்நாளில் தாம்சன் சொன்ன விளக்கமே செல்வாக்கோடு இருந்தது. நேர் மின்சாரம் அணு முழுவதும் சீராகப் பரவியிருக்கிறது. ரவாக் கேசரியில் முந்திரிப்பருப்புப் போல எலெக்ட்ரான்கள் ஆங்காங்கே பதிந்திருக்கின்றன என்பது அதன் சாரம். ஜப்பானிய அறிஞர் நகவோகா 1904-லேயே, நடுவில் ஒரு பெரிய பொருளும் சுற்றிலும் எலெக்ட்ரான் வளையமுமாக அணு இருக்கலாம் என்று எழுதியிருந்தார். ஆனால் எது உண்மை என்று பரிசோதித்துக் காட்டியவர் ஒருவரும் இல்லை.

அரிசி மூட்டை வந்து இறங்கினால் நாம் என்ன செய்கிறோம்? மூட்டையைப் பிரித்துக் கொட்டிப் பார்ப்பதில்லை. குத்தூசியை விட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று அறிகிறோம். ரதர்போர்டு செய்ததும் அதுவே. அவருக்குக் குத்தூசியாக வாய்த்தது, வினாடிக்குப் பல ஆயிரம் மைல் வேகத்தில் பாயும் ஆல்பா துகள். மூட்டையாக அமைந்தது தங்க ரேக்கு. காகிதத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் மெல்லியதாக அடிக்கப்பட்டது அந்த ரேக்கு.

அவருடைய உதவியாளர் ஹான்ஸ் கெய்கர் என்ற ஜெர்மானியர். அவரோடு சேர்ந்து வேலை பழகியவர் எர்னஸ்ட் மார்ஸ்டன் என்னும் 20 வயது மாணவர். 1909-ல் ரதர்போர்டு அந்த மாணவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். ஆல்பா துகள் ஏதாவது உலோகத் தகட்டில் பட்டுத் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரும் என்று எதிர்பார்த்தவர் யாருமில்லை. துகள் வந்து விழும் இடத்தில் துத்தநாகக் கலவை பூசிய திரை ஒன்று உண்டு. ஒவ்வொரு துகள் படும்போதும் அதில் மின்மினி போல ஒரு பொட்டு ஒளி தோன்றி மறையும். இருட்டறையில் அரைமணி நேரம் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். இதைவிடப் பொறுமை கேட்கும் சில்லறை வேலை உலகத்தில் வேறு இராது.

எண்ணிப் பார்த்ததில் ஆச்சரியம் காத்திருந்தது. துகள்களில் மிகப் பெரும்பாலானவை ஒன்றும் இல்லாத வெளியில் போவதுபோல நேராகப் பாய்ந்து போயின. ஆனால் ஏறத்தாழ 8,000-ல் ஒன்று, சுவரில் மோதிய பந்து போலத் திரும்பி வந்தது. தவிட்டு மூட்டை என்று நினைத்துக் குத்திக்கொண்டே இருக்கும்போது, என்றோ ஒரு தடவை ஊசி டக்கென்று நின்று கையை உதறச் செய்தால், உள்ளே ஒரு கல் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்தக் கல் மிகச் சிறியது. அதனால்தான் அத்தனை குத்திலும் ஒரு தடவை அகப்படுகிறது. ஆனால் மிகவும் கனமானது. அதனால்தான் வேகமாக வந்த ஆல்பா துகளையே திருப்பி அனுப்புகிறது. எலெக்ட்ரானால் இது ஆகாது. அது ஆல்பா துகளின் எடையில் 7,000-ல் ஒரு பங்கு. கொசு வந்து மோதி லாரி திரும்பிப் போகுமா?

இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ரதர்போர்டு ஒன்றரை ஆண்டுக்கு மேல் யோசித்தார். அவசரப்பட்டு வெளியிடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்து, அணுவின் எடை முழுவதும் அநேகமாக அதன் நடுவே ஒரு மிகச் சிறிய இடத்தில் அடங்கியிருக்கிறது என்றும், மின்சாரமும் அங்கே குவிந்திருக்கிறது என்றும், எலெக்ட்ரான்கள் அதைச் சுற்றித் தூரத்தில் இருக்கின்றன என்றும் முடிவு கண்டார். நடுவே இருப்பதையே நாம் அணுக்கரு என்கிறோம். தங்கத்தின் அணு ஒன்றை நம் பட்டணத்துப் பந்து விளையாடும் பாடாங் அளவுக்குப் பெரிதாக்கினால், அதன் கரு ஒரு மிளகு அளவே இருக்கும். அணுவின் எடையிலோ 100-ல் 99 பங்குக்கு மேல் அந்த மிளகில்தான். மீதி இடமெல்லாம் வெறும் வெளி.

1911-ம் ஆண்டு மார்ச்சு 7-ம் தேதி மான்செஸ்டர் இலக்கிய, தத்துவ சங்கக் கூட்டத்தில் இதை முதன்முதலாக அறிவித்தார். அந்தக் கூட்டத்தில் அவருக்கு முன்னால் பேசியவர் ஒரு பழ வியாபாரி. கப்பலில் வந்த வாழைப்பழத்தில் ஓர் அபூர்வப் பாம்பைக் கண்டெடுத்த விவரத்தைச் சொல்லி, அதைக் காட்டவும் செய்தார் என்று, இளைஞராக அங்கே இருந்த சாட்விக் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். வியாபாரியும் விஞ்ஞானியும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து ஒருவர் பேச்சை மற்றவர் கேட்ட ஊர் அது.

அறிவித்ததோடு விட்டுவிடவில்லை. கெய்கரும் மார்ஸ்டனும் மேலும் இரண்டு ஆண்டுகள் உழைத்து, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஒளிப் பொட்டுகளை எண்ணி, ரதர்போர்டின் கணக்குச் சரியே என்று 1913-ல் நிரூபித்தார்கள். அதே ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் போர், கருவைச் சுற்றி எலெக்ட்ரான்கள் எப்படி அமைந்துள்ளன என்பதற்கு விளக்கம் தந்தார்.

வாங்கிய சரக்குக்கு விலை

இந்த ஆராய்ச்சிக்கு ரேடியம் வேண்டும். விலையோ எட்டாதது. 1908-ல் ஆஸ்திரியாவின் வியன்னா விஞ்ஞானக் கழகம் அவருக்கு ரேடியத்தை இரவலாகக் கொடுத்தது. 1914-ல் மகாயுத்தம் மூண்டு ஆஸ்திரியா எதிரி நாடாகிவிட்டது. எதிரியின் சொத்து என்ற பேரில் அந்த ரேடியம் பறிமுதலாகிப் போகக்கூடிய நிலை. யுத்தம் முடிந்து வியன்னாவில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, ரதர்போர்டு அந்த ரேடியத்துக்கு உரிய விலையைக் கொடுத்தே தீருவேன் என்று நின்று, பணம் திரட்டி அனுப்பினார். நொடித்துக் கிடந்த அந்த ஆராய்ச்சிசாலை அதனால் பிழைத்தது. சட்டம் கேட்காத கடனையும் மனச்சாட்சி கேட்கும் என்பதை அறிந்த மனிதர். அமானிதம் என்ற சொல்லை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே யுத்தத்தில் அவருடைய மாணவரான மோஸ்லி என்னும் இளம் மேதை 1915-ல் கலிபோலியில் குண்டடிபட்டு மாண்டார். அதை அவர் பெரும் துயரமாகக் கருதினார்.

1919-ல் தாம் மாணவராக நுழைந்த கவெண்டிஷ் ஆராய்ச்சிசாலைக்கே தலைவரானார். நைட்ரஜன் அணுவின் கருவை ஆல்பா துகளால் அடித்து அதிலிருந்து ஹைட்ரஜன் கரு வெளிவருவதைக் கண்டு வெளியிட்டதும் அந்த ஆண்டிலேயே. அதற்கு புரோட்டான் என்று பெயரிட்டார். கருவில் மின்சாரமற்ற துகளும் இருக்க வேண்டும் என்று 1920-ல் அவர் ஊகித்ததை, 1932-ல் சாட்விக் கண்டுபிடித்து நியூட்ரான் என்று நிலைநாட்டினார். 1931-ல் அவருக்குப் பிரபுப் பட்டம் வந்தது. ஆனால் அதற்குச் சில நாட்கள் முன்னதாகத்தான் அவருடைய ஒரே மகள் ஐலீன் பிரசவத்துக்குப் பின் காலமாகியிருந்தார். 1933-ல் ஜெர்மனியில் ஹிட்லர் யூத அறிஞர்களைத் துரத்தியபோது, அவர்களுக்கு வேலையும் தங்க இடமும் தேடிக் கொடுத்த சங்கத்துக்குத் தலைமை வகித்து உழைத்தார்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த நம் சர் சி. வி. ராமனுக்கு 1930-ல் நோபல் பரிசு தரலாம் என்று பரிந்துரைத்தவர்களுள் ரதர்போர்டும் ஒருவர். கல்கத்தாவில் 1938 ஜனவரியில் நடந்த இந்திய விஞ்ஞானக் காங்கிரஸின் வெள்ளி விழாவுக்கு அவரே தலைமை வகிப்பதாக இருந்தது. உரையும் தயாராகிவிட்டது. ஆனால் 1937 அக்டோபர் 19-ம் தேதி, குடலிறக்க நோயால், 66-ம் வயதில் காலமாகிவிட்டார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், நியூட்டன் அடங்கிய இடத்துக்கு அருகில் அவருடைய அஸ்தி வைக்கப்பட்டிருக்கிறது. நியூஸிலாந்தின் 100 டாலர் நோட்டில் அவர் முகத்தைக் காணலாம்.

கருவில் இருந்த நெருப்பு

அணுக்கருவிலிருந்து காரியத்துக்கு உதவும்படி சக்தியை எடுக்க முடியும் என்று ரதர்போர்டு நம்பவில்லை. அவர் மறைந்து ஓராண்டு சென்றதும், 1938 டிசம்பரில், யுரேனியத்தின் கரு பிளப்பதை ஜெர்மனியில் கண்டார்கள். 1945 ஆகஸ்டு 6-ம் தேதி ஹிரோஷிமாவிலும் 9-ம் தேதி நாகசாகியிலும் குண்டு விழுந்தது. ஜப்பானியர் சரணடைந்தனர். செப்டம்பரில் மோரிப், போர்ட் டிக்சன் கரைகளில் பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட தோட்டத்து மக்களில் மிஞ்சியவர்கள் திரும்பியது அதன் பிறகுதான். நம் மக்களுக்கு விடிவு வந்த அதே நாட்களில், அங்கே ஒரு பாவமும் அறியாத பெண்களும் குழந்தைகளும் வெந்து மடிந்தார்கள். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத வேண்டியிருப்பது மனத்தை உறுத்தவே செய்கிறது. ஆயினும் மறைத்து எழுதினால் கணக்கு நேராகாது.

வரவுப் பக்கத்திலும் உண்டு. புற்றுநோய்க்குக் கதிர் வைத்தியம் செய்வது இந்த அறிவினாலேயே. நம் நீலாய்ப் பட்டணத்துக்கு எட்டும் தூரத்தில், பாங்கியில், 1982-ல் ஓர் ஆராய்ச்சி அணு உலை இயங்கத் தொடங்கியது. கதிர் வீச்சைக் கொண்டு ரப்பர் பாலைப் பதப்படுத்தும் ஆராய்ச்சியும் அங்கே நடந்திருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை ஒருவன் படித்தால் போய்ச் சேர அந்த வாசல் தூரமில்லை.

நம் பேரேட்டில்

இப்போது ஐந்தொகை போட்டுப் பார்ப்போம். பொருட்காட்சியின் லாபம், மக்டொனால்டின் புகையிலைப் பணம், ஓவன்ஸின் துணிப் பணம் இவை இல்லாதிருந்தால், தச்சர் மகன் உருளைக்கிழங்குத் தோட்டத்திலேயே நின்றிருக்கக்கூடும். நம்மவர்களிலும் இவ்வழி நடந்தவர்கள் இல்லாமல் இல்லை. சென்னைத் தோல் வணிகர் ஜமால் முகமது சாகிபு, காஜாமியான் ராவுத்தர் ஆகியோரின் கொடையால் 1951-ல் திருச்சியில் எழுந்த கல்லூரி இன்றும் நடக்கிறது. கடல் கடந்த வியாபாரத்தில் பொருளீட்டிய அழகப்பச் செட்டியார், காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சிசாலை அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அது 1953-ல் திறக்கப்பட்டது.

நம்மில் பலர் படிப்புக்கு உதவி கேட்டு வரும் பையனிடம், படித்து என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டு, பதில் திருப்தியாக இருந்தால் பத்து வெள்ளி கொடுக்கிறோம். ஒரு தடவை பரீட்சையில் தவறியவன் என்றால் அதுவும் இல்லை. ரதர்போர்டும் முதல் தடவை உபகாரச் சம்பளம் கிடைக்காமல் திரும்பிய பையனே. பால்மரம் நட்டவன் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டு பொறுத்திருக்கிறான். ஓவன்ஸ் கண்மூடிய ஆண்டுக்கும் அணுவின் கரு வெளிப்பட்ட ஆண்டுக்கும் நடுவே 65 ஆண்டுகள். அணு என்ற பேச்சே அவர் காதில் விழுந்திருக்குமோ என்னவோ. கொடுத்து வைத்தார், அவ்வளவே.

நம் சங்கத்தின் படிப்பு உதவிக்கு மனுச் செய்யும் பிள்ளைகள் சிரம்பானிலும் பாஹாவிலும் தம்பினிலும் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அடுத்த மனு நம் மேஜைக்கு வரும்போது, மார்க்கை மட்டும் பாராமல், இரண்டாம் தடவையும் எழுதத் துணிந்த பிள்ளையா என்றும் பார்த்துக் கொடுப்போமாக.